சூட்டுக்கோல் சொன்ன தீர்ப்பு

இருட்டறை. நடுவே கனல் சட்டி. அதனருகே ஒரு மனிதன்.

கனலின் ஒளி கீழிருந்து எழுந்து அவன் முகத்தைத் தொடுகிறது. பாதி முகம் ஒளியில். மீதி முகம் இருளில். கையிலே ஒரு சிறு சூட்டுக்கோல். அதைப் பழுக்கக் காய்ச்சுகிறான். தந்தத்தாற் செய்த பொருளொன்றின்மீது வைத்து அழுத்துகிறான். புகை கிளம்புகிறது. எடுத்துப் பார்க்கிறான், முகத்திலே ஒரு நிறைவு! பொருளின்மீது அவனது முத்திரை விழுந்துவிட்டது. இனி அது அவனுடையது!

ஒரு சொல்லும் பேசவில்லை அவன். பேசவும் முடியாது, அது பேசாப் படக் காலம். ஆனால் அந்த ஒரு காட்சியே போதும், பின்னே வரப்போகும் கதையைக் கோடிட்டுக் காட்ட. தந்தத்துக்கு இட்ட சூடு, சற்று நேரத்தில் ஒரு பெண்ணின் தோளிலே விழப்போகிறது. தோளிலே விழுந்த சூடு, ஒரு வழக்கு மன்றத்தையே புரட்டிப் போடப்போகிறது. அந்த மன்றத்திலே எழுந்த கூச்சல், நூறாண்டுகளுக்குப் பின்னும் நம் காதிலே விழுந்துகொண்டிருக்கிறது. கேட்கும் காது நமக்கு இருக்குமானால்!

1915ஆம் ஆண்டு டிசம்பர் 13ஆம் நாள் அமெரிக்காவில் திரையிடப்பட்ட அந்தப் படத்தின் பெயர் 'தி சீட்'. ஏமாற்றுப் பேர்வழி என்று பொருள். இயக்கியவர் சிசில் பி. டெமில். ஆம், பிற்காலத்தில் மோசேயின் கதையை 'பத்துக் கட்டளைகள்' என்ற பெயரில் 1923லும் 1956லுமாக இருமுறை படமாக்கி உலகை வியக்க வைத்தாரே, அதே டெமில்தான்! அப்போது அவர் இளைஞர். ஹாலிவுட்டும் இளம் பருவத்தில்தான் இருந்தது. சுமார் 17,000 டாலர் செலவிலே எடுக்கப்பட்ட படம், 1,37,000 டாலருக்கு மேல் ஈட்டித் தந்தது. பணம் வந்தது; புகழ் வந்தது. அவற்றோடு பழியும் வந்தது. அந்தப் பழி எத்தகையது, அதைப் படத்தார் எவ்விதம் துடைத்தனர் என்பதுதான் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.

முதலிலே கதையைப் பார்ப்போம்.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டு. செல்வர்கள் வாழும் பகுதி. அங்கே ரிச்சர்ட் ஹார்டி என்றொரு கனவான். பங்குச் சந்தையிலே பணத்தைப் போட்டுவிட்டு, விலை ஏறும் ஏறும் என்று காத்திருப்பவன். அவன் மனைவி எடித். பகட்டிலே பற்று, ஆடையிலே ஆசை, விருந்தும் வேடிக்கையும் இன்றி ஒரு பொழுதும் போகாத சீமாட்டி. "கொஞ்ச நாள் பொறுத்துக்கொள், செலவைக் குறைத்துக்கொள்" என்கிறான் கணவன். அவள் கேட்பதாயில்லை.

அந்தச் சீமாட்டியிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதல் உலகப் போர் மூண்டு, 1914 ஆகஸ்டில் ஜெர்மானியப் படை பெல்ஜியத்துக்குள் புகுந்தபோது, வீடிழந்து நாடிழந்து ஓடினார்களே மக்கள், அவர்களுக்காகச் செஞ்சிலுவைச் சங்கம் திரட்டிய நிதி 10,000 டாலர். அதற்குப் பொருளாளர் எடித்! பங்குச் சந்தையிலே ஒரே நாளில் பணம் இரட்டிப்பாகும் என்று ஒருவன் ஆசை காட்டினான். அகதிகளின் பணத்தை எடுத்து அவனிடம் கொடுத்தாள். போயிற்று அத்தனையும்!

மறுநாள் நிதியைக் கட்டியாக வேண்டும். கட்டாவிட்டால் மானம் போகும், சிறையும் வரும். அந்த நேரத்திலே அருகில் நிற்கிறான் டோரி. ஜப்பானியன். தந்தப் பொருள் வணிகன். பெரும் செல்வன். மேலை நாட்டு உடை உடுத்தி, மோட்டார் ஓட்டி, அந்தச் சமூகத்தோடு ஒட்டி உறவாடிக்கொண்டிருப்பவன். "10,000 டாலர் நான் தருகிறேன், விலை நீதான்" என்ற பேரம் நடக்கிறது. வேறு வழி தெரியாத எடித் தலையசைக்கிறாள்.

அடுத்த நாளே கணவனுடைய பங்குகள் ஏறிவிட்டன! சீட்டாட்டக் கடன் என்று பொய் சொல்லி, அவனிடம் பணம் பெற்றுக்கொண்டு டோரியிடம் ஓடுகிறாள். "இதோ உன் பணம், என்னை விட்டுவிடு" என்கிறாள். டோரி ஏற்கவில்லை. போராட்டம் மூள்கிறது. தலைமுடியைப் பற்றி இழுத்து, மேசையிலே சாய்த்து, தந்தத்துக்கு முத்திரையிட்ட அதே இரும்பைக் கொண்டு அவள் தோளிலே சூடு போடுகிறான்! துடித்தெழுந்தவள் கைத்துப்பாக்கியை எடுத்துச் சுட்டுவிட்டு ஓடுகிறாள். பின்தொடர்ந்து வந்த கணவன், குண்டு பட்டுக் கிடக்கும் டோரியையும் துப்பாக்கியையும் காண்கிறான், நடந்ததை உணர்கிறான், பழியைத் தன் தலைமேல் போட்டுக்கொள்கிறான். டோரி பிழைத்துக்கொள்கிறான், அவனும் "சுட்டவன் கணவனே" என்று சாதிக்கிறான்.

வழக்கு. ஜூரிகள் "குற்றவாளி" என்று தீர்ப்பளித்துவிட்டனர். அப்போதுதான் பெருமன்றத்தின் நடுவே பாய்ந்து வருகிறாள் எடித். "சுட்டவள் நானே!" என்கிறாள். ஆடையை விலக்கித் தோளைக் காட்டுகிறாள். கருகிய முத்திரை!

அவ்வளவுதான். கூட்டம் எழுகிறது. அத்தனை பேரும் வெள்ளையர். நாற்காலிகளைத் தாண்டி, தடுப்புகளைத் தாண்டி, டோரியின்மேல் பாய்கிறார்கள். "கொல்லுங்கள்!" என்ற கூச்சல் எழுத்திலே வருகிறது. காவலர் அரும்பாடுபட்டு அவனை உயிரோடு வெளியேற்றுகின்றனர். நீதிபதி தீர்ப்பைத் தள்ளிவிடுகிறார். கணவனும் மனைவியும் கைகோத்து, இருபுறமும் மக்கள் ஆரவாரிக்க, புதுமணத் தம்பதிகள் போல் நடந்து வருகின்றனர். சுபம்!

அரங்கிலே கைதட்டல் எழுந்திருக்கும். நண்பர்களே, கை தட்டுவதற்கு முன் நாம் சில கேள்விகளைக் கேட்போம்.

இந்தக் கதையிலே ஏமாற்றியது யார்? ஆங்கிலச் சொல்லிலே ஒரு வசதி இருக்கிறது. ஆணா பெண்ணா என்று அது காட்டாது. தமிழிலே சொல்ல வந்தால், வஞ்சகன் என்பதா, வஞ்சகி என்பதா என்று நாம் நின்று எண்ணியாக வேண்டும். எண்ணுவோம்.

அகதிகளின் பணத்தை எடுத்துச் சூதாடினாள் எடித். அது கையாடல். வழக்கு மன்றத்திலே அதுபற்றி ஒரு கேள்வி உண்டா? இல்லை. கணவனிடம் பொய் சொன்னாள். டோரியிடம் கொடுத்த வாக்கை மாற்றினாள். ஒரு மனிதனைச் சுட்டாள். கணவனோ வழக்கு மன்றத்திலே பொய் சொன்னான். டோரியும் பொய் சொன்னான். இத்தனை குற்றங்களுக்கும் தண்டனை உண்டா? ஒருவருக்கும் இல்லை! தண்டனை தரத் துடித்த கூட்டம், ஒரே ஒருவனைத்தான் தேடியது. அவன் தோல் நிறம் வேறாயிருந்தது.

டோரி செய்தது கொடுமை. அதை மறைப்பதற்கில்லை, மன்னிப்பதற்குமில்லை. இக்கட்டிலே சிக்கிய பெண்ணை விலைக்குக் கேட்டவன் கயவன். அவளுடலிலே சூடு போட்டவன் கொடியவன். அவனைச் சட்டத்தின் முன் நிறுத்திச் சிறைக்கு அனுப்பியிருக்க வேண்டும். ஆனால் படம் அதைச் செய்யவில்லையே! சட்டத்தை ஓரத்திலே நிறுத்திவிட்டு, கும்பலை அல்லவா நீதிபதி ஆசனத்திலே ஏற்றுகிறது! நீதிபதி பின்வாங்குகிறார், கும்பல் முன்னேறுகிறது, பார்ப்போர் உள்ளமோ கும்பலோடு சேர்ந்து கூச்சலிடுகிறது. இதைச் சாதாரணக் கற்பனை என்று தள்ளிவிடலாமா?

அந்த ஆண்டு எத்தகைய ஆண்டு என்று பாருங்கள். 1915 பிப்ரவரியில், வெள்ளை வெறியரான 'கூ கிளக்ஸ் கிளான்' கூட்டத்தை வீரர்களாகக் காட்டிய 'ஒரு தேசத்தின் பிறப்பு' என்ற படம் லாஸ் ஏஞ்சல்சில் அரங்கேறியது. ஆகஸ்டு 17ஆம் நாள், ஜார்ஜியா மாநிலத்தில் லியோ ஃபிராங்க் என்ற யூதத் தொழிற்சாலை மேலாளரை, ஆளுநர் மரண தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தார் என்பதற்காகவே, சிறையிலிருந்து இழுத்துச் சென்று மரத்திலே தூக்கிலிட்டது ஒரு கும்பல். நான்கு மாதம் கழியுமுன், டிசம்பரிலே, 'தி சீட்' படத்தின் கும்பல் திரையிலே எழுகிறது! டஸ்கெகீ நிறுவனம் திரட்டிய கணக்கின்படி, 1882க்கும் 1968க்கும் இடையே அமெரிக்காவில் கும்பலாற் கொல்லப்பட்டோர் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கருப்பின மக்கள்.

ஆசிய மக்கள் அந்தக் கும்பலை அறியாதவர்களா? அறிவார்கள். படம் பிறந்த அதே லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே, 1871 அக்டோபர் 24 இரவில், சீனர் குடியிருப்பிலே புகுந்த கும்பல் குறைந்தது 18 சீனரைக் கொன்று குவித்தது. சிலர் தண்டிக்கப்பட்டனர், ஆனால் அந்தத் தண்டனைகளையும் மேல் மன்றம் தள்ளுபடி செய்துவிட்டது! கும்பல் ஓங்கிய கைக்கு முன் சட்டம் குனிந்து நின்றது திரையிலே மட்டுமன்று, தெருவிலேயும்தான்.

கும்பலுக்குத் துணையாகச் சட்டமும் நின்றது. கலிபோர்னியாவிலே 1905 முதல், வெள்ளையர் 'மங்கோலிய' இனத்தாரோடு செய்துகொள்ளும் மணம் செல்லாது. 1913இல் வந்த நிலச் சட்டம், குடியுரிமை பெறத் தகுதியற்ற அயல்நாட்டார் விளைநிலம் வாங்கக்கூடாது என்றது. ஜப்பானியர் என்ற பெயரைச் சட்டம் உச்சரிக்கவில்லை, குறியோ அவர்கள்மேல்தான்! ஏனெனில் அவர்களுக்குக் குடியுரிமை மறுக்கப்பட்டிருந்தது; 1922இல் ஓசாவா வழக்கிலே உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. உழுது விளைவிக்கலாம், உரிமை கேட்கக்கூடாது. சிரித்துப் பழகலாம், சம்பந்தம் பேசக்கூடாது. டோரி என்ற பாத்திரம் பிறந்தது இந்த மண்ணிலேதான். எவ்வளவு நாகரிக உடை அணிந்தாலும் அவன் உள்ளுக்குள்ளே கொடியவனே என்று படம் சொன்னபோது, நிலச் சட்டம் நாவால் சொல்லாததைத் திரை ஒளியால் சொல்லிற்று.

ஜப்பானிய மக்கள் கொதித்தெழுந்தனர். லாஸ் ஏஞ்சல்சில் வெளிவந்த 'ரஃபு ஷிம்போ' என்ற ஜப்பானிய ஏடு படத்தைக் கண்டித்தது. அதிலே நடித்த தம் இனத்தவரையும் கண்டித்தது.

இனித்தான் வரலாறு நம்மைப் பார்த்துக் கண் சிமிட்டுகிறது! மூன்றாண்டு கழிந்தது. போரிலே ஜப்பான் நேச நாடுகளின் அணியில் நின்றது. 1917இல் அமெரிக்காவும் அதே அணியில் சேர்ந்தது. தோழமை நாட்டானைத் துரோகியாகக் காட்டலாமா? 1918இல் படத்தை மீண்டும் வெளியிட்டபோது, எழுத்து அட்டைகளை மாற்றினார்கள். டோரி, ஹாகா அராகாவ் ஆனான். ஜப்பானியன், பர்மியன் ஆனான்! முகம் மாறவில்லை, உடை மாறவில்லை, வீட்டின் தாள் திரை மாறவில்லை, தோரண வாயில் வடிவிலமைந்த அந்த ஜப்பானிய முத்திரைகூட மாறவில்லை. நாட்டின் பெயர் மட்டும் மாறிற்று.

ஏன் பர்மா? எண்ணிப் பாருங்கள். ஜப்பானுக்குக் கப்பற்படை இருந்தது, தூதுவர் இருந்தார், பேச ஓர் அரசு இருந்தது. பர்மாவுக்கு? அது அன்று பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம்! அதற்கென்று தூதுவர் இல்லை, கொடி இல்லை, வாஷிங்டனிலே வாய் திறக்க ஆள் இல்லை. பழியை வலிமையுள்ளவன் தலையிலிருந்து எடுத்து, வலிமையற்றவன் தலையிலே வைத்தார்கள். உரிமையிழந்த நாட்டுக்கு உலகம் தரும் மரியாதை இதுதான் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ? இன்று நமக்குக் கிடைக்கும் படப்பிரதியிலும் அந்தப் பர்மியப் பெயர்தான் இருக்கிறது.

முகமூடி மாற்றம் அதோடு நிற்கவில்லை. 1923இல் போலா நெக்ரி நடிக்க மீண்டும் எடுத்தார்கள். அதிலே வில்லன், இந்திய இளவரசனாக வேடமிட்ட ஒரு மோசக்காரன். 1931இல் தலுலா பாங்க்ஹெட் நடித்த பேசும் படமாக எடுத்தார்கள். அதிலே வில்லன் வெள்ளையன்தான், ஆனால் கீழை நாடுகளிலே பழகி, அந்நாட்டுப் பொருள்களிலே மோகங்கொண்டவன். ஜப்பானியன், பர்மியன், பொய் இந்தியன், கீழை மோகங்கொண்ட வெள்ளையன் என்று நான்கு முகம்! யாரை மாற்றினாலும், கொடுமை கீழ்த்திசையிலிருந்து வந்தது என்ற கூற்றை மட்டும் அவர்கள் மாற்றவேயில்லை.

ஆளுக்கொரு நிறம் பூசிய அந்தக் கதை, பெண்ணுக்கு என்ன நிலை வைத்தது? அதையும் பார்த்தாக வேண்டும்.

எடித்துக்கு ஆடை இருந்தது, அணி இருந்தது, ஏவலுக்கு ஆள் இருந்தது. தன்னுடையது என்று சொல்ல ஒரு காசு இருந்ததா? இல்லை. கணவனைக் கேட்க வேண்டும். அவன் கொடுத்தால் உண்டு. கணவனிடம் கேட்டால் செலவுக்காரி. மற்றவனிடம் கேட்டால் விலைப்பொருள். சூட்டுக்கோலால் முத்திரையிட்டவன் ஒருவன். வழக்கு மன்றத்திலே அவளை மீட்டுக்கொண்டவன் மற்றொருவன். ஒருவன் பலாத்காரத்தால், மற்றவன் தியாகத்தால் உரிமை கொண்டாடினான். அவளே தனக்கு உரியவள் என்று சொன்ன குரல் அங்கே எழவில்லை. அவள் பேசிய பேச்சைக்கூடக் கூட்டம் நம்பவில்லை. தோளைக் காட்டிய பிறகுதான் நம்பிற்று! உடலைச் சான்றாக வைத்தாலன்றிப் பெண்ணின் சொல் மன்றத்திலே செல்லாது என்பதை, சொல்ல விரும்பாமலே சொல்லிவிட்டது படம். தீர்ப்பளித்த ஜூரிகளும் ஆண்களே. நியூயார்க் மாநிலத்தில் பெண்களுக்கு வாக்குரிமை 1917இல்தான் வந்தது. ஜூரியாக அமரும் உரிமை 1937இல்தான் வந்தது. அந்தக் கும்பல் சீறியெழுந்ததும் எடித் என்ற மனிதப் பிறவிக்காகவா? தங்கள் உடைமையிலே அயலான் முத்திரை விழுந்துவிட்டதே என்றல்லவா!

இத்தனையும் சொல்லிவிட்டு, இந்தப் படத்தைக் கொளுத்திவிடலாம் என்பீர்களோ? வேண்டாம்! அப்படிச் செய்தால் நாமும் கும்பலாவோம்.

கலை என்ற முறையிலே அது பெரும் சாதனை. அதுவரை படங்களிலே ஒளி எங்கும் ஒரே சீராகப் பரவியிருக்கும். நாடக மேடையிலிருந்து வந்த வில்பிரெட் பக்லண்டும், ஒளிப்பதிவாளர் ஆல்வின் வைகாஃபும் டெமிலோடு சேர்ந்து, ஒளியைக் குறைத்து இருளைப் பேச வைத்தனர். தாள் திரைக்குப் பின்னே சாயும் உருவம், திரையிலே படரும் குருதிக் கறை, சிறைக் கம்பிகளின் நிழல் ஆகியவை சொல்லின்றியே கதை சொல்லின. 1916இல் பாரிசிலே படம் ஓடியபோது, எழுத்தாளர் கோலெத் உள்ளிட்டோர் வியந்து எழுதினர். 1921இல் அங்கே இக்கதை இசை நாடகமாகவும் அரங்கேறிற்று. 1993இல் அமெரிக்கா தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலே இதைச் சேர்த்துக் காத்து வருகிறது. காக்கட்டும்! வரலாற்றின் கறையும் காக்கப்பட வேண்டியதே. கறை இருந்த இடம் தெரிந்தால்தான் கழுவ முடியும்.

டோரியாக நடித்த செஷூ ஹயகாவாவின் வாழ்வு அந்தக் கறைக்கே ஒரு சான்று. மற்றவர் கையை வீசிக் கண்ணை உருட்டி நடித்த காலத்தில், அவர் அசையாது நின்று பார்வையால் நடித்தார். வெறுக்க வேண்டிய வில்லனை விரும்பத் தொடங்கினர் மக்கள்! ஒரே படத்தால் புகழின் உச்சிக்கு ஏறினார். என்ன பயன்? எவ்வளவு பெரிய நடிகரானாலும், திரையிலே வெள்ளைப் பெண்ணை மணந்து இன்புற்று வாழும் முடிவு அவருக்கு இல்லை. விட்டுக்கொடுப்பவராக, அல்லது சாகிறவராக, அல்லது கயவராக நிற்க வேண்டும். சலித்தவர் 1918இல் ஹாவொர்த் என்ற பெயரில் தாமே படக்கம்பெனி தொடங்கினார். தம் மக்களை மனிதராகக் காட்ட முயன்றார். பிறகு அமெரிக்காவை விட்டே வெளியேறினார். 1937இல், பிரான்சிலே அதே கதையை மீண்டும் எடுத்தபோது, அதிலும் அவரையே அழைத்தனர்! 1957இல், இலங்கைக் காட்டிலே படமாக்கிய 'குவாய் நதிப் பாலம்' வந்தது. ஜப்பானியத் தளபதியாக நடித்து ஆஸ்கார் பரிந்துரை பெற்றார். தோளிலே சூடு பட்டவள் எடித் மட்டுமல்லள். அவளுக்குச் சூடு போட்டதாக நடித்த அந்தக் கலைஞருக்கும், ஆயுள் முழுதும் அழியாத முத்திரை ஒன்று குத்தப்பட்டிருந்தது!

முத்திரை குத்திவிட்டால் மனிதனை மறந்துவிடலாம். 1942இல் அதுதான் நடந்தது. போரைக் காரணம் காட்டி, சுமார் 1,20,000 ஜப்பானிய வழியினரை முள்வேலி முகாம்களிலே அடைத்தது அமெரிக்க அரசு. அவர்களிலே பெரும்பாலோர் அந்த நாட்டிலே பிறந்த குடிமக்கள்! ஒரு படம் மட்டும் இதைச் செய்தது என்று நான் கூறவில்லை. அது அறிவுக்குப் பொருந்தாது. ஆனால் இத்தகைய படங்களும் ஏடுகளும் பேச்சுகளும் முப்பதாண்டுக் காலம் ஊறப் போட்ட உள்ளங்கள், அந்த முள்வேலியைக் கண்டு திடுக்கிடவில்லை என்பதை மறுப்பாருண்டோ?

காலம் மெல்ல மாறிற்று. கலப்பு மணத் தடையைக் கலிபோர்னிய நீதிமன்றம் 1948இல் நீக்கிற்று. நாடு முழுவதும் அந்தத் தடை 1967இல் வீழ்ந்தது. முகாம்களுக்காக அரசு 1988இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தோருக்கு ஆளுக்கு 20,000 டாலர் வழங்கிற்று. கும்பற்கொலையைத் தனிக் குற்றமாக்கும் நடுவண் சட்டமோ, 2022இல்தான் வந்தது. திரையிலே அந்தக் கும்பல் எழுந்த நாளிலிருந்து நூற்றாறு ஆண்டுகள் கழிந்த பின்!

இளைஞர்களே! படத்தைப் பாருங்கள். அதன் ஒளியை வியந்து பாருங்கள். ஆனால், வழக்கு மன்றக் காட்சி வரும்போது, உங்கள் உள்ளத்தையும் சற்று உற்றுப் பாருங்கள். அந்தக் கூட்டம் எழும்போது உங்கள் கால்களும் எழத் துடிக்கின்றனவா? துடிக்கும்! திறமையான கலை அப்படித்தான் செய்யும். அந்தக் கணத்திலே, எழுந்த காலைத் தடுத்து நிறுத்தி, "குற்றம் என்ன? சான்று என்ன? சட்டம் எங்கே?" என்று கேட்பதற்குத்தான் மனிதனுக்கு அறிவு இருக்கிறது.

கனல் சட்டி இன்னும் அணையவில்லை. சூட்டுக்கோலும் ஆறவில்லை. அதைப் பிடிக்கும் கை மாறிக்கொண்டே இருக்கும். அது தேடும் தோளும் மாறிக்கொண்டே இருக்கும். யார் கையிலிருந்தாலும், யார் தோளுக்கு வந்தாலும், அதைத் தட்டிவிடும் கை நம்முடையதாக இருக்கட்டும்!